முதல் லைனுக்கு மாத்திரை

பாஸ்கரனுக்கு ஆறு வருஷமாகச் சளி பிடித்ததில்லை. அதை அவர் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடமும் சொல்வார், வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிடமும் சொல்வார். காலையில் பல் விளக்கியதும் ஒரு விட்டமின் மாத்திரை. வேறு ரகசியம் எதுவும் இல்லை. ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் அவர் பெர்சனல் மேனேஜர். ஊர் தென்காசிப் பக்கம். யாரையும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். லீவு மறுக்கும்போதுகூட முகத்தில் ஒரு வருத்தம் இருக்கும்.

2005 ஜூனில் சாரலும் குளிர்காற்றும் ஒரு வாரம் விடாமல் அடித்தன. பெண்கள் நின்று வயர் கட்டும் இரண்டு லைன்களிலும் தினமும் ஏழெட்டுப் பேர் வரவில்லை. எல்லாம் சளி, காய்ச்சல், தொண்டைக்கட்டு. பாஸ்கரன் மேலிடத்தில் பேசி, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகச் சத்து மாத்திரை வரவழைத்தார். பெண்களுக்கு ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்தும் சேர்ந்த மாத்திரையாகப் பார்த்து வாங்கினார். சிவப்பு நிறம், வழவழவென்று மேலே இனிப்புப் பூச்சு.

"முதல்ல ஒரு லைனுக்கு மட்டும் குடுப்போம் சிஸ்டர்," என்றார் சத்யப்ரியாவிடம். "ரெண்டாவது லைனுக்கு வேண்டாம். மூணு மாசம் கழிச்சு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரிஞ்சிரும்லா?"

சத்யப்ரியா தொழிற்சாலையின் நர்ஸ். இருபத்தாறு வயது, சேலத்தில் படித்தவள். முதலுதவி அறையில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு கட்டில், பூட்டு வைத்த மருந்து அலமாரி. வாரத்தில் இரண்டு நாள் ஒரு டாக்டர் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். மற்ற நேரங்களில் அவள்தான் எல்லாம்.

"சார், உடம்புல சத்து இல்லாதவங்களுக்கு இது நல்லதுதான். ஆனா சளி புடிக்காம தடுக்குமான்னு..."

"எனக்கு ஆறு வருஷமாப் பிடிக்கலையே," என்றார் பாஸ்கரன்.

அவள் மாத்திரைப் பெட்டிகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள். இந்த நர்ஸ் வேலை கிடைக்க அவள் எட்டு மாதம் அலைந்திருந்தாள்.

ஜூலை முதல் வாரம் ஆரம்பித்தது. காலை ஷிப்டு ஆறு மணிக்கு. ஐந்தே முக்காலுக்கு முதல் லைன் பெண்கள் அறுபத்திரண்டு பேரும் முதலுதவி அறை முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். விழுங்கியதைப் பார்த்ததும் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே சத்யப்ரியா கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வரிசையில் கெம்பம்மாவும் இருந்தாள். ராயக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் பேசுவது கன்னடம். கல்யாணமான புதிதில் தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள், இரண்டு வருஷமாகக் கம்பெனி பஸ்சில் வந்து ஆணிகள் அடித்த போர்டு முன்னால் நின்று வயர்களுக்கு டேப் சுற்றுகிறாள். கணவன் மாரிசாமி ஒரு குடோனில் ராத்திரி லோடு ஏற்றுகிறவன். பகலில் அவன் வீட்டில் படுத்துத் தூங்குவான். நாலு வயது மகள் லாவண்யா அவன் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருப்பாள்.

பத்து நாள் போயிருக்கும். மாத்திரையைக் கெம்பம்மா வாய்க்குள் போட்டு, தண்ணீர் குடித்து, திரும்பி நடக்கும்போது உள்ளங்கையில் துப்புவதைச் சத்யப்ரியா பார்த்தாள். டீ நேரத்தில் கூப்பிட்டுக் கேட்டாள்.

கெம்பம்மா பயந்துபோனாள். "எங்க கூசுக்குத்தான் சிஸ்டர், எம் பொண்ணுக்கு. மாசத்துல ரெண்டு வாட்டி சளி, மூக்கு ஒழுகிக்கினே இருக்கும். ராத்திரியெல்லாம் இருமறா. சளியே வராதுன்னு சாரு மைக்குல சொன்னாருல்ல? எனக்கு எதுக்கு சிஸ்டர், நான் கல்லு மாதிரி இருக்கறன். அவளுக்குக் குடுக்கலாமா?"

அறைக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். ஒருத்தி விரலைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள். சத்யப்ரியா பஞ்சை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "சத்து மாத்திரைதானே, பாதியா உடைச்சுக் குடுங்க. ஒன்னும் ஆகாது. வெளிய சொல்லிக்காதீங்க."

கெம்பம்மா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று முழுக்கச் சத்யப்ரியாவுக்கு மனசு நிறைவாக இருந்தது. அதற்குப் பிறகு கெம்பம்மாவின் முறை வரும்போதெல்லாம் அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

தினம் ஒரு மாத்திரை சேரும், பாதி செலவாகும். மீதியைக் கெம்பம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அடுப்பு மேடைக்கு மேலே இருந்த பலகையில் வைத்தாள். லாவண்யா காலையில் எழுந்ததும் மாத்திரை கேட்டு அழுவாள். மேல் பூச்சு கரையும் வரை நாக்கில் வைத்துச் சப்புவாள்.

செப்டம்பர் முடிவில் சத்யப்ரியா கணக்குப் பார்த்தாள். மூன்று மாதத்தில் சளி, காய்ச்சல் என்று வராமல் போனது முதல் லைனில் எழுபத்தொரு தடவை. ஏறக்குறைய அதே அளவு ஆட்கள் உள்ள, மாத்திரையே தொடாத இரண்டாவது லைனில் அறுபத்தொன்பது. அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு போய் பாஸ்கரன் மேசையில் வைத்தாள்.

அவர் இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை.

"அப்போ இவளுக முழுங்கலை," என்றார்.

"சார், அப்படி இல்ல. மாத்திரை..."

"நீங்க நல்ல பிள்ளை. உங்களை ஏமாத்திருக்காளுக. இனிமே வாயத் திறந்து காட்டச் சொல்லுங்க. டார்ச் அடிச்சுப் பாருங்க. நாக்குக்கு அடியிலயும் பாக்கணும். இன்னொன்னு, முதல் லைனுக்குச் சளி காய்ச்சலுக்கு இனி லீவு கிடையாது. மாத்திரை குடுத்தாச்சு. அதுக்கு மேலயும் சளி வருதுன்னா அவ பொய் சொல்லுதான்னு அர்த்தம்."

அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு காலையும் அறுபத்திரண்டு வாய்கள். ஐஸ் குச்சியால் நாக்கைத் தூக்கி, கன்னத்தை ஒதுக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள் சத்யப்ரியா. சில பெண்களுக்குக் குமட்டும். சிலர் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள். கெம்பம்மா முதல் நாள் அவளைக் கெஞ்சலாகப் பார்த்தாள். பின்னால் பாஸ்கரன் நின்றுகொண்டிருந்தார். சத்யப்ரியா குச்சியால் நாக்கைத் தூக்கினாள். கெம்பம்மா மாத்திரையை விழுங்கினாள்.

இரண்டாம் வாரம் ராசாத்திக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள், வாய்த்துடுக்கானவள். லீவு கேட்டதற்குப் பாஸ்கரன், "மாத்திரை சாப்பிடுதேல்லா, சரியாயிரும்," என்று அனுப்பிவிட்டார். பதினொரு மணிக்கு அவள் போர்டின் மேலேயே சரிந்து விழுந்தாள். நெற்றியில் ஆணி கிழித்து ரத்தம். முதலுதவி அறைக் கட்டிலில் போட்டபோது பாஸ்கரன் வந்து பார்த்தார். இன்னொரு சத்து மாத்திரை கொடுக்கச் சொன்னார். சத்யப்ரியா அதையும் கொடுத்தாள், கூடவே யாருக்கும் தெரியாமல் ஒரு காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தாள்.

ஆயுத பூஜை முடிந்த மறு வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. வெளிநாட்டு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்திருந்தார்கள். பத்தரை மணிக்குக் கேட்டில் போன் வந்தது. செக்யூரிட்டி அதைப் பெர்சனல் ஆபீசுக்கு மாற்றினான். பாஸ்கரன் விருந்தாளிகளுடன் இருந்ததால் சத்யப்ரியாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள்.

மாரிசாமி பெட்டிக்கடை காயின் போனிலிருந்து பேசினான். மூச்சு வாங்கியது. "அம்மா, கெம்பம்மாவக் கூப்புடுங்க. பாப்பா வாந்தி எடுத்துக்கினே கீது. செவப்பு செவப்பா வருது. நான் தூங்கிட்டம்மா. டப்பாவ எறக்கி மாத்தரையெல்லாம் தின்னுடுச்சு."

"எத்தனை?"

"தெரியலம்மா. இருவது, இருவத்தஞ்சு இருக்கும். டப்பாவுல ஒன்னுமில்ல."

சத்யப்ரியாவுக்கு, படிக்கும் காலத்தில் இரும்பு மாத்திரை பற்றி எங்கோ ஒரு வரி வாசித்த ஞாபகம் வந்தது, முழுசாக வரவில்லை. மேசைமேல் டாக்டரின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது, குழந்தைக்கு எப்படி அந்த மாத்திரை கிடைத்தது என்பதாக இருக்கும்.

"இப்ப எப்படி இருக்கா?"

"இப்பத்தான் நின்னுச்சு. சோந்து படுத்துக்கினு கீறா."

"வாந்தி நின்னுடுச்சில்ல? அப்ப எல்லாம் வெளிய வந்துடுச்சு. சிவப்பு மாத்திரைச் சாயம்தான். சத்து மாத்திரைதானே, பயப்படாதீங்க. தண்ணி குடுங்க, தூங்கட்டும்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போகட்டாம்மா?"

"வேணாம். சாயங்காலம் பாத்துக்கலாம்."

போனை வைத்துவிட்டு லைனுக்குப் போனாள். விஷயத்தைக் கெம்பம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னாள். கெம்பம்மா கையிலிருந்த டேப்பைப் போர்டில் விட்டுவிட்டு நேராகப் பாஸ்கரனிடம் ஓடினாள். ஷிப்டு நடுவில் வெளியே போக, கேட் பாசில் அவர் கையெழுத்து வேண்டும்.

விருந்தாளிகளை விட்டு அவர் இரண்டு நிமிஷம் வெளியே வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எந்த மாத்திரை என்பதை மட்டும் கெம்பம்மா சொல்லவில்லை. "வாந்தின்னு சொல்லுதே. வாந்தி நின்னுட்டு. புருஷன் கூட இருக்காரு. இன்னைக்குப் போய் போர்டு காலியாக் கிடந்தா இவங்க என்ன நினைப்பாங்க? ரெண்டரைக்கு ஷிப்டு முடிஞ்சிரும்மா. கொஞ்சம் பொறுத்துக்கிடேன்," என்றார் பாஸ்கரன்.

கெம்பம்மா சத்யப்ரியாவைத் திரும்பிப் பார்த்தாள். "பயமில்லையா சிஸ்டர்?"

"பயமில்லை," என்றாள் சத்யப்ரியா.

கெம்பம்மா போர்டுக்குத் திரும்பி மூன்றரை மணி நேரம் டேப் சுற்றினாள்.

நாலு மணிக்கு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது லாவண்யா பாயில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் சிரித்தாள். அம்மா வாங்கி வந்த பன்னை வாங்கி இரண்டு வாய் கடித்தாள். கெம்பம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பலகையில் வைத்ததற்காகத் தன்னையும், தூங்கியதற்காக மாரிசாமியையும் திட்டித் தீர்த்தாள். பிறகு குழந்தையை மடியில் போட்டுத் தலை வாரிவிட்டாள். அதன்பின் இரண்டு மணி நேரம் வீடு சாதாரணமாக இருந்தது.

இருட்டும் நேரத்தில் குழந்தையின் கை கால் ஜில்லென்று ஆனது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ராயக்கோட்டைக்குத் தக்காளி ஏற்றிப்போன டெம்போவை மறித்து ஏறினார்கள். அங்கிருந்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில், விடிவதற்குள், லாவண்யா இறந்துபோனாள்.

பணியில் இருந்த டாக்டர் இளைஞர். காலி டப்பாவை மாரிசாமி கையோடு எடுத்துப் போயிருந்தான். அதன் அடியில் ஒட்டியிருந்த சிவப்புத் துணுக்கைப் பார்த்து அவர் கேட்டார். "இரும்பு மாத்திரையா? குழந்தைங்களுக்கு இது விஷம் மாதிரி. வாந்தி நின்னு நல்லா இருக்கற மாதிரி இருக்கும், உள்ள அது வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும். காலையிலேயே ஏன் கொண்டு வரலை?"

மாரிசாமி கெம்பம்மாவைப் பார்த்தான். "கம்பெனி நர்சம்மா வேணான்னுச்சு," என்றான். டாக்டர் அதை எழுதிக்கொண்டாரா என்று அவர்களுக்குத் தெரியாது.

பாஸ்கரன் துக்கத்துக்குப் போய்விட்டு வந்தார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியிருந்தது. மறுநாள் சத்யப்ரியாவைக் கூப்பிட்டு, பதிவேட்டை அவள் முன்னால் விரித்து வைத்தார்.

"கெம்பம்மா பேருக்கு எதிர தினமும் உங்க கையெழுத்து இருக்கு. முழுங்கினதைப் பாத்தேன்னு. அப்போ அந்தப் பிள்ளைக்கு மாத்திரை எங்கேருந்து வந்துச்சு?"

அவள் தன் கையெழுத்துகளையே பார்த்தாள்.

"ஒன்னு, நீங்க பாக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இல்ல, அவ இங்க மாத்திரைப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கா. போலீஸ் வந்து கேட்டா நான் ஏதாவது ஒன்னு சொல்லணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க சிஸ்டர்."

அவர் பேனாவையும் ஒரு வெள்ளைத் தாளையும் நகர்த்தி வைத்துவிட்டு, அவள் யோசிக்க வசதியாக ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முதலுதவி அறை பூட்டாமல் இருந்த ஒரு சமயத்தில் பெட்டியிலிருந்து மாத்திரைகள் காணாமல் போனதாகச் சத்யப்ரியா எழுதினாள். எழுதி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

குழந்தை இறந்த பதினோராம் நாள் கெம்பம்மாவை விசாரணைக்கு அழைத்தார்கள். நீலப் புடவை, எண்ணெய் வைக்காத தலை. தனியாகத்தான் வந்தாள். 'என் பொண்ணைக் கொன்னவ கூட இருக்க மாட்டேன்' என்று மாரிசாமி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். பாஸ்கரன் அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சத்யப்ரியா எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

கெம்பம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சத்யப்ரியாவைப் பார்த்தாள்.

"நான் திருடலியே சிஸ்டர். எனக்குக் குடுத்ததத்தான எடுத்துக்கினு போனன். பாதி குடுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொல்லலை," என்றாள் சத்யப்ரியா.

"விரல்ல ரத்தத்தோட ஒரு பொண்ணு நின்னுக்கினு இருந்தாளே, அன்னிக்கு. ஒன்னும் ஆவாதுன்னு சொன்னீங்களே."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை சார்."

கெம்பம்மா வாதாடவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்பதுபோல ஒன்று கேட்டாள்.

"அது போவட்டும் சிஸ்டர். அந்த மாத்தர சளிக்குக் கேக்குமா, கேக்காதா? மூணு மாசம் குடுத்தன். நடுவுல ஒரு வாட்டிதான் மூக்கு ஒழுகுச்சு. இல்ல, ரெண்டு வாட்டி. ஒரு பிரயோசனம் இருந்துச்சுல்ல?"

எழுபத்தொன்று, அறுபத்தொன்பது. அந்தக் கணக்கு நோட்டு சத்யப்ரியாவின் மடியில்தான் இருந்தது. அவள் வாய் திறப்பதற்குள் பாஸ்கரன் சொன்னார்.

"கேக்கும்மா. நல்ல மாத்திரைதான். முறையாச் சாப்பிட்டிருந்தா ஒன்னும் வந்திருக்காது."

கெம்பம்மா தலையை ஆட்டினாள். வேலை நீக்க உத்தரவில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டு, கன்னட எழுத்தில் பெயரை எழுதிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை வரிசையில் ராசாத்தியின் முறை வந்தது. சத்யப்ரியா நீட்டிய மாத்திரையை அவள் வாங்கி, சத்யப்ரியாவின் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள்.

"நீங்க முழுங்குங்க சிஸ்டர்."

"ராசாத்தி, வரிசை நிக்குது."

"நிக்கட்டும். விரலைக் கிழிச்சுக்கிட்டு வந்து நின்னது நான்தான். நீங்க சொன்னதை ரெண்டு காதாலயும் கேட்டேன். நேத்து சார்கிட்டப் போய்ச் சொன்னேன். உனக்குக் காய்ச்சல்ல புத்தி கலங்கியிருந்திருக்கும்னாரு. ஜூலை மாசத்துல எனக்கு ஏதுங்க காய்ச்சல்? முழுங்குங்க."

பின்னால் இருந்த பெண்கள் ஒருவரும் விலகவில்லை. சத்யப்ரியா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"வாயத் தொறங்க," என்றாள் ராசாத்தி. மேசையிலிருந்த டார்ச்சை எடுத்து அடித்தாள். "நாக்கைத் தூக்குங்க. ம். இனி கையெழுத்துப் போட்டுக்கங்க."

ராசாத்தியை அன்று மதியமே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போச்சம்பள்ளிப் பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அன்றும் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். போலீஸ் ஒரு முறை வந்து கடிதத்தின் நகலை வாங்கிக்கொண்டு போனது. ஜனவரியிலிருந்து இரண்டாவது லைனுக்கும் மாத்திரை வந்தது. லீவு கொடுப்பதில்லை என்பதால் சளிக்கான லீவுக் கணக்கு தானாகவே இறங்கியது. திட்டம் வெற்றி என்று பாஸ்கரன் அறிக்கை அனுப்பினார். அதை அவர் நம்பவும் செய்தார்.

சத்யப்ரியாவுக்கு அடுத்த வைகாசியில் கல்யாணம். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் ராயக்கோட்டை மார்க்கெட் முன்னால் பத்து நிமிஷம் நின்றது. தக்காளிக் குவியலைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து, அடிபட்ட காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இருந்தவள் கெம்பம்மா. உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. இருமி இருமிக் குனிந்தாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி தக்காளியை எடுத்தாள். பஸ்சை அவள் பார்க்கவில்லை.

"தெரிஞ்சவங்களா?" என்று கேட்டான் புருஷன்.

"இல்ல, வெயில் அடிக்குது," என்று சொல்லி, சத்யப்ரியா ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.